ஒரு துரியோதனன், இரண்டு படுகளம்

லாரி புக்கிங் தொழிலில் மன்னிக்க முடியாத பாவம் ஒன்றே ஒன்றுதான்: வண்டியைக் காலியாகத் திரும்ப விடுவது. மரக்காணத்து உப்பை ஏற்றிக்கொண்டு போகிற லாரி, போன ஊரிலிருந்து செங்கல்லோ சவுக்குக் கட்டையோ எதையாவது சுமந்துகொண்டுதான் திரும்ப வேண்டும். ஒரு வண்டி, ஒரு டிரைவர், ஒரு பகல், இரண்டு நடை. இந்தக் கணக்கிலேயே ஊறித் தலை நரைத்த ஒருவனைக் கொண்டுபோய்த் திருவிழாக் கமிட்டியில் உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? துரியோதனனையும் இரண்டு நடை அடிக்கச் சொல்வான்.

சொன்னேன்.

எங்கள் ஊர் உப்பளங்களுக்கு மேற்கே ரோட்டை ஒட்டி இருக்கிறது. பாதிப் பேருக்கு உப்பளம், பாதிப் பேருக்கு வயல். படித்த பிள்ளைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைத்தால் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். பல இரவுகள் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

படுகளத்துக்காகக் கோவில் மைதானத்தில் மண்ணாலேயே ஒரு துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். ஒரு லாரி நீளத்துக்குக் குறையாது. என் கண்ணுக்கு எல்லாமே லாரிதான். மார்பில் வர்ணம், முறுக்கிய மீசை, விழித்த கண். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் ஊற்றிய சட்டி ஒன்றைப் புதைத்திருப்பார்கள். துரியோதனன் வேஷக்காரரும் பீமன் வேஷக்காரரும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் மண் தொடையில் ஓங்கி அடிக்கச் சட்டி உடையும். வேஷக்காரர் கீழே சாய்வார். அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிய வேண்டும். அவள் கூந்தல் முடிந்தால்தான் தீக்குழியில் நெருப்பு வைப்பார்கள். சுருக்கமாக, துரியோதனன் சாகாவிட்டால் காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் எல்லாரும் மஞ்சள் துணியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மஞ்சள் துணிகளில் என் அக்காவும் ஒருத்தி. பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை வைத்திருக்கிறாள். ஊருக்கே சோறு போடுகிறவள் பசியோடு இருந்தால் அவள் நாக்கு எப்படி இருக்கும் என்பதைத் தம்பியாகப் பிறந்தவன் மட்டுமே அறிவான்.

முன்பெல்லாம் நாள் பார்த்துப் பாரதம் வைத்தார்கள். இப்போது லீவு பார்த்து வைக்கிறோம். ஆகவே இந்தப் பக்கத்தில் எல்லா ஊர்த் துரியோதனனும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் செத்தாக வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டில் பல் குத்திக்கொண்டிருக்கிற துரியோதனனை ஞாயிற்றுக்கிழமை கையில் பிடிக்க முடியாது. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கேட்பது போலத்தான்.

அந்த வருஷம் கோடையில் கேட்காமலே மழை வந்து உப்பளங்களைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்கு வீடு வாங்குகிற தலைக்கட்டு வரியை ஏற்ற வழியில்லை. கூத்து ஜமாவோ கூலியை ஏற்றியிருந்தது. ஜமாவின் தலைவரை வாத்தியார் என்பார்கள். அவரிடம் பேரம் பேசும் வேலையைத் தர்மகர்த்தா என் தலையில் கட்டினார். வாய் இருக்கிறவனுக்கு வேலையும் இருக்கும்.

டீக்கடையில் வாத்தியாரை உட்கார வைத்துக்கொண்டு என் அறிவைக் காட்டினேன். "உப்பளத்தைப் பாருங்க வாத்தியாரே. முன்ன ஏத்தம் போட்டு எறைச்சாங்க. அப்புறம் ஆயில் இன்ஜின் வந்துச்சு. இப்ப சுவிச்சைத் தட்னா கரண்டு மோட்டார் ஓடுது. ஆளும் கம்மி, நேரமும் கம்மி. உங்க தொழில்ல மட்டும் அதே பதினஞ்சு ஆளு, அதே ராத்திரி முழுக்க. எதாச்சும் கொறைக்கக் கூடாதா?"

வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே, "கொறைக்கலாங்க. பீமனுக்கு ஒரு மோட்டார் வெச்சிடலாம். ஆனா பீமனுக்கு வெச்சா துரியோதனனுக்கும் வெக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் திண்டிவனத்துலதான் போய் நிப்பானுங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது மண்டையில் தங்கிவிட்டது. உலகத்தில் எல்லாம் வேகமாகிவிட்டது. துரியோதனன் சாக எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் குறையவில்லை. குறைத்தால் அது சாவு இல்லை, விபத்து. மோட்டார் போட்ட உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்குக் கூலி ஏறினால், மோட்டார் போட முடியாத கூத்துக்காரருக்கும் ஏறத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போய்விடுவார். இதெல்லாம் எனக்கு இன்று புரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது லாரி மட்டும்தான்.

"இன்னொரு சங்கதிங்க. அந்த ஞாயித்துக்கெழமைக்கு எங்கிட்ட இருக்கிறது ஒரே துரியோதனன். அவனுக்குப் பெருமுக்கல் பக்கத்துல ஒரு ஊர்ல தாம்பூலம் வாங்கிட்டேன்" என்றார் வாத்தியார். வெற்றிலை பாக்கு கைமாறிவிட்டால் அப்புறம் பத்திரமே எழுதினாலும் மாற்ற மாட்டார்கள்.

"அங்க எப்ப முடியும்?"

"விடியும்போது ஆரம்பிச்சா ஏழரைக்குச் சாய்ஞ்சிடுவான்."

"நாங்க பத்து மணிக்கு வெச்சிக்கறோம். நடுவுல இருக்கிறது ஒரு ரோடு. ஒரே ஆளு, ரெண்டு ஊரு. செலவு ஆளுக்குப் பாதி."

வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வேஷக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவரை எனக்கும் தெரியும். நாற்பது வயதுக்காரர், மழை மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "பண்ணிடலாம்ணே. சீசன்ல ஓடினாத்தான் மழையில உக்கார முடியும்" என்றது குரல். உப்பளத்தில் நான் தினமும் கேட்கிற பேச்சு அது. வெயில் அடிக்கும் வரைக்கும்தான் உப்பும் விளையும், கூத்தும் நடக்கும்.

கமிட்டியில் விஷயத்தைச் சொன்னபோது தர்மகர்த்தா என் முதுகில் தட்டி, "மூளைடா உனக்கு" என்றார். அந்த வாசகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே மறந்துவிட்டார்.

ஒரு விஷயத்தைக் கமிட்டியில் சொல்லவில்லை. நேரம் இழுத்துவிடக் கூடாதே என்று பெருமுக்கல் பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரருக்கு நானே ஒரு போன் போட்டு ஒரு சின்ன உதவி கேட்டிருந்தேன். சின்ன உதவிதான். தேவைப்படும்போது தானாக வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. பீமன் தயார். அந்தப் பீமனே முந்தின இரவுக் கூத்தில் துரியோதனனாக ஆடியவர். பீமனுக்கு வேறு ஆள் இல்லாததால் விடிந்ததும் கட்சி மாறியிருந்தார். திரௌபதி தயார். மண் துரியோதனன் முந்தின நாளிலிருந்தே தயார். உயிருள்ளவர் மட்டும் வரவில்லை.

எட்டு மணிக்கு வேஷக்காரருக்குப் போன் செய்தேன். "கெளம்பிட்டோம்ணே." எட்டரைக்குச் செய்தேன். "வந்துக்கினே இருக்கோம்ணே." ஒன்பதுக்குச் செய்தேன். "ரோட்டுல ஒரு லாரி அச்சு முறிஞ்சி குறுக்க நிக்குதுண்ணே. உப்பு லோடு. ரெண்டு பக்கமும் வண்டிங்க." அந்த லாரியை விடிகாலையில் அனுப்பி வைத்தது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வயிறு கலக்கும், வாய் ஓடும். இரண்டையும் மாறி மாறிக் கவனித்தேன். வயிற்றுக்குப் பள்ளிக்கூடத்துக் கழிவறை. வாய்க்கு மைக் செட். மைக்கைப் பிடுங்கி, "துரியோதன மகாராஜா வந்துகொண்டே இருக்கிறார். பொதுமக்கள் அமைதி காக்கவும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மகாராஜா அருகில் வந்துவிட்டார்" என்றேன். மூன்றாம் முறை, "மகாராஜா எந்த நேரமும்" என்று ஆரம்பித்தபோது, கோவில் பக்கம் மஞ்சள் புடவையில் நின்ற அக்கா குரல் கொடுத்தாள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"டேய், வர்றவன் ரோட்டுல வர்றானா, இல்ல நீ உன் வாயிலயே கூட்டிக்கினு வர்றியா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மறுபடி பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது தர்மகர்த்தா நின்றிருந்தார். மெதுவாகத்தான் பேசினார். "பத்தரை ஆவுது. இவ்ளோ பேரு பட்டினியா நிக்கிறாங்க. படுகளம் நின்னுச்சுன்னா அந்த ஜமாவை இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அந்த வேஷக்காரன் பொழப்பே போச்சு. உனக்கு இன்னா, நீ லாரி அனுப்பிக்கினு இருப்பே."

அதுவரை என் மானத்துக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். நான் மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கில் இன்னொருவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் மாட்டிக்கொண்டிருந்தன.

அவர் வந்தது ஒரு பைக்கின் பின்னால். லாரிக்குப் பக்கவாட்டில் வயல் வரப்பில் இறங்கி, எவனோ ஒருவன் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். முகத்தில் அரிதாரம் வியர்வையில் வழிந்து மீசை ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. மடியில் குழந்தையைப் போலக் கிரீடம். பட்டையான மரப் புஜங்கள் தோளில் கட்டியபடியே இருந்தன. காற்றில் அவை இழுத்த இழுப்பில், ரோட்டில் ஒரு சின்ன விமானம் இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்கியதும் என்னைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவரோ இரண்டு ராத்திரி தூங்காத கண்ணால் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒரு சோடாவை அவர் கையில் திணித்தேன். எல்லாம் முடிந்தது, இனி ஓட வேண்டியது பீமனும் துரியோதனனும்தான், நான் இல்லை என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதியில் நின்றது. கமிட்டியிலேயே மூத்தவர், எப்போதும் பேசாதவர், வேஷக்காரர் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்பா, அங்க படுகளம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிதுங்க."

"பீமன் அடிச்சானா?"

"அடிச்சானுங்க."

"அப்ப நீ செத்துட்ட."

வேஷக்காரர் யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

"செத்தவன் இங்க வந்து எப்டிப்பா சாவே?"

நான் உள்ளே புகுந்தேன். ஒவ்வொரு ஊர்ப் பாரதமும் தனித்தனிதானே என்றேன். அந்த ஊர் உயிர் வேறு, இந்த ஊர் உயிர் வேறு என்றேன். லாரியில் ஒரு லோடு இறக்கிவிட்டால் அடுத்த லோடு ஏற்றுவதில்லையா என்றுகூடச் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு உடம்புக்கு ஒரே நாள்ல ரெண்டு சாவு கெடையாதுப்பா" என்றார் மூத்தவர். "விட்டா பேயா அலையும். நாளைக்குன்னா பரவால்ல."

நாளைக்குத் திங்கட்கிழமை. அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த கம்பெனிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்த்தார்கள்.

தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். பீமன் கதாயுதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். மண் துரியோதனன்கூட மல்லாந்தபடி என்னையேதான் பார்த்தான். அந்தக் கதாயுதத்துக்கு என் தொடை பொருத்தமாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். எங்கள் ஊரில் துரியோதனன் சாய்ந்ததும் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது பெண்கள். அன்றைக்கு அவர்கள்தான் காந்தாரி, பெற்ற வயிறு. அந்தக் கூட்டத்துக்கு அக்காதான் தலைவி. அவள் மூத்தவரைப் பார்க்காமல் வேஷக்காரரைக் கேட்டாள்.

"ஏன் தம்பி, அங்க உனக்கு யாரு அழுதாங்க?"

வேஷக்காரர் தலையைச் சொறிந்தார். "யாரும் அழலக்கா. இந்த வருஷம் ஒப்பாரி வேணாம், நேரமாவும்னு நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்தினது?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். என் பக்கம் கை காட்டி, "அண்ணன்தான் போன் பண்ணி, அழுகையை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கச் சொன்னாராம்" என்றார்.

நான் கேட்ட சின்ன உதவி வெளியே வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அக்கா இருக்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள், இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

"ஒரு தாய்க்காரி அழாத சாவு இன்னாடா சாவு? நாய் அடிபட்டாக்கூட ஒருத்தி அய்யோன்னுவா" என்றாள் என்னிடம். பிறகு மூத்தவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மாமா? அழலையாம். அப்ப இவன் இன்னும் சாவல. அங்க சும்மா விழுந்து எழுந்திருக்கான்."

மூத்தவர் வானத்தைப் பார்த்தார், மண் துரியோதனனைப் பார்த்தார், வெற்றிலையைக் கொஞ்சம் மென்றார். "அது சரிதான்" என்றார்.

அவ்வளவுதான். மத்தளம் எழுந்தது.

அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. அடவு முறை எல்லாம் அறிந்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது, ஓய்ந்துபோன வண்டி ஏற்றத்தில் ஏறும்போது போடுகிற சத்தம். அவர் மண் மார்பின் மேல் ஏறி நின்று பாடியபோது அந்தச் சத்தம் கேட்டது. அழிகிற ராஜாவுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. நான் மட்டும் அவர் கால்களையே பார்த்தேன். திரும்பும்போது ஒருமுறை முழங்கால் மடங்கியது. கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்து உச்சுக் கொட்டியது. பீமன் அடித்தார். சட்டி உடைந்தது. அவர் மண் தொடையின் ஓரமாகச் சாய்ந்தார். திரௌபதி சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிந்தாள். குலவை எழுந்தது.

பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எடுத்தாள்.

"பட்டு விரிச்ச மெத்தை – ராசா
பக்கத்துல ஆளிருக்க
வெட்டவெளி மண்ணக் கேட்டு – ராசா
வெயிலுல படுத்தியேடா."

ஒப்பாரி பாதி ஆனதும் வேஷக்காரரை எழுப்பி நிழலுக்குக் கூட்டிப் போக வேண்டியது என் பொறுப்பு. குனிந்து, "தம்பி, போதும்பா, எழுந்துக்க" என்றேன். அசையவில்லை. தோளைத் தொட்டேன். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

என் பயத்தின் வரலாற்றில் அதுதான் சிகரம். ஒரே உடம்புக்கு இரண்டு சாவு என்று மூத்தவர் சொன்னது காதில் மணி அடித்தது. இரண்டு நடைக்குப் பேரம் பேசி மூன்றாவது நடைக்கு அனுப்பிவிட்டேன். அவர் வீட்டில் போய் என்ன சொல்வது? கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. அப்பாடா, உயிர் இருக்கிறது என்று நிம்மதியானேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் பிடித்துக்கொண்டிருந்தது என்னுடைய மணிக்கட்டை. மூக்கின் கீழே விரலை வைத்தேன். விரலெல்லாம் அரிதாரம் ஒட்டிக்கொண்டதே தவிரக் காற்று வந்ததா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒப்பாரியின் நடுவில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாரேன், இவன்கூட அழறான்" என்று பாராட்டினாள்.

நான் அவர் முகத்துக்கு மிக அருகே குனிந்தேன். அப்போது கேட்டது. மெல்லிய, சீரான, எந்தக் கவலையும் இல்லாத ஒரு குறட்டை.

துரியோதன மகாராஜா தூங்கிக்கொண்டிருந்தார்.

தவழாத குறையாக அக்காவிடம் போய்க் காதில் சொன்னேன். அவள் பாட்டை நிறுத்தாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கொட்டாவி அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு அதே ராகத்தில், அதே அழுகையில், அடுத்த அடியைப் போட்டாள்.

"அசந்து படுத்திருக்கான் – ராசா
அரை நாழி கண்ணயர்ந்தான்
அசைச்சு எழுப்பாதீங்க – அம்மாமாரே
அண்டி வந்து நெழல் குடுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டே நெருங்கி உட்கார்ந்தார்கள். வெயில் வரும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றபடி அழ ஆரம்பித்தார்கள். நான் மைக் செட்காரரின் பெரிய குடையைக் கொண்டுவந்து பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தர்மகர்த்தா வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். வழக்கமாக முடிகிற நேரம் தாண்டியிருந்தது. அக்கா மூக்கைச் சிந்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நூறு பேரைப் பெத்தவ நானு. மூத்தவனுக்கு மட்டும் அழுதுட்டு எழுந்துடச் சொல்றீங்களா? மிச்சம் தொண்ணூத்தொம்போது பேரும் யாரு பெத்த புள்ள?"

அவர் கடிகாரக் கையைக் கீழே இறக்கினார். தீக்குழிக்கு இன்னும் நேரம் இருந்தது.

நூறு பேரின் பெயர் யாருக்குத் தெரியும்? இரண்டு மூன்று தம்பிகளுக்குப் பிறகு அவர்கள் தங்கள் வீட்டுப் பெயர்களை எடுத்தார்கள். ஒருத்தி உப்பளத்து வெயிலில் சுருண்டு விழுந்த தன் புருஷனுக்கு அழுதாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், படகோடு திரும்பாத தன் தம்பிக்கு அழுதாள். அக்கா எங்கள் அம்மாவுக்கு அழுதாள். அம்மா கௌரவர்களில் எந்த இலக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. குடையைப் பிடித்தபடி நானும் அழுதேன், இந்தமுறை ஒழுங்காக. ஊரே உட்கார்ந்து கேட்டது. எந்தக் கம்பெனிப் பிள்ளையும் செல்போனைப் பார்க்கவில்லை. சுற்றிலும் அத்தனை அழுகைக்கு நடுவே அவர் மட்டும் ஒரு கைக்குழந்தையைப் போலத் தூங்கினார்.

சாயும் வெயிலில் அவர் கண் விழித்தார். தன்னைச் சுற்றி மாரில் அடித்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்து ஒரு கணம் மிரண்டுவிட்டு, அப்புறம் இடம் புரிந்து, படுத்தபடியே மெதுவாகக் கேட்டார். "இன்னும் முடியலியாக்கா?"

"முப்பதுகிட்டத்தான் வந்திருக்கோம். நீ தூங்கு" என்றாள் அக்கா.

சாயங்காலம் தீமிதி நடந்தது. அக்கா நெருப்பில் இறங்கி நடந்து வந்து, முதல் வேலையாக வேஷக்காரருக்கு இலை போட்டாளா என்று என்னைக் கேட்டாள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வாத்தியார் போன் செய்தார். குரலில் சங்கடம்.

"அந்த ஊருல ஒரே சண்டைங்க. புதன்கெழமை அங்க தர்மர் பட்டாபிஷேகம். அங்க யாரும் அழாததால துரியோதனன் சாவலைன்னு நேத்து உங்க ஊர்ல முடிவாயிட்டதே, அது அவங்க காதுக்குப் போயிடுச்சி. எதிரி உயிரோட இருக்கும்போது தர்மருக்கு எப்டி முடி சூட்றதுன்னு கேக்கறாங்க."

"நம்ம ஊர்லதான் நேத்து ஒழுங்கா செத்துட்டாரே. அதைச் சொல்லுங்க."

"அது உங்க ஊரு சாவாம். அவங்க ஊரு சாவு பாக்கி இருக்குதாம். புதன்கெழமை அவனைப் படுக்க வெச்சி, உங்கக்காவை வந்து அழச் சொல்றாங்க."

நேராக அக்கா கடைக்குப் போனேன். அவள் தோசை வார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அவங்க ஊர்ப் பொம்பளைங்களே அழட்டுமே" என்றாள்.

"கேட்டேன்க்கா. ஞாயித்துக்கெழமை வேணான்னு சொல்லிட்டு இப்ப வான்னா நாங்க இன்னா கூலி ஆளான்னு கோவிச்சிக்கினாங்களாம். நீங்க நாலு பேரு போய் முதல்ல உக்காந்தா அவங்களும் வந்துடுவாங்க. கமிட்டியில காசு குடுத்துடறாங்களாம். இன்னா ரேட்டுன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."

கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. ஜமாவுக்கு ரேட் பேசினேன், மைக் செட்டுக்குப் பேசினேன், குடைக்கும் பேசினேன். எங்கள் கமிட்டியின் வரவு செலவில் இத்தனை வருஷமாக அழுகைக்கு என்று ஒரு வரி இருந்ததில்லை. அதனால்தான் எதைக் குறைக்கலாம் என்று யோசித்தபோது அதில் போய்க் கை வைத்தேன். செலவே இல்லாததைக் குறைத்து மிச்சம் பிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள். கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அழுகைக்கு ரேட்டு கெடையாது. ஆனா புதன்கெழமை பத்து பொம்பளைங்க வேலைக்குப் போவாம வர்றாங்க. அந்தக் கூலியை அவங்க குடுக்கணும். போக வர வண்டி உன்னுது, ஓசி. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அந்தத் தம்பிக்கு அன்னிக்கு வேற ஊரு கெடையாதுன்னு வாத்தியாருகிட்ட சொல்லு."

"சரிக்கா."

"இன்னொண்ணு. படுகளத்தாண்ட அவனுக்கு ஒரு பாய் போடச் சொல்லு. நெழல்ல."

புதன்கிழமை விடிகாலையில் பத்துப் பெண்களையும் ஒரு மினி லாரியில் ஏற்றினேன். நானும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மடியில் சுருட்டிய கோரைப்பாய் இருந்தது. திரும்பி வரும்போது ஏதாவது லோடு பார்க்கட்டுமா என்று டிரைவர் கேட்டான்.

வேண்டாம், காலியாகவே வரட்டும் என்றேன்.